ஓவியத்துக்குள் ரகசியம் தேடும் நாவல்கள் வாசகர்களை ஏன் இரண்டு கட்சியாக்குகின்றன?

கேள்வி சுருக்கமாக இது. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றை மையமாக வைத்த சரித்திர த்ரில்லரை ஒருவர் ஒரே மூச்சில் படித்து முடித்திருக்கிறார். மற்ற வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால், பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேர் சரித்திரமும் தெரியாது, ஓவியமும் தெரியாது, எழுதவும் தெரியாது என்று கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். ஒரே புத்தகத்துக்கு எப்படி இப்படி? நான் ரசித்தது தப்பா? இதில் எதை நம்புவது?

ரசித்ததில் ஒரு தப்பும் இல்லை. திட்டுகிறவர்களும் பொய் சொல்லவில்லை. இந்தச் சண்டையில் நடை, பாத்திரப் படைப்பு என்று என்னென்னவோ பேச்சு வந்தாலும் அடியில் ஓடுவது இரண்டு விஷயம்தான் என்பது என் கணிப்பு. ஆசிரியர் வாசகருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பது ஒன்று. கதை அந்த ஓவியத்தை நிஜமாகவே பார்த்ததா, இல்லை ஒரு பூட்டிய பெட்டியாக மட்டும் வைத்துக்கொண்டதா என்பது மற்றொன்று.

முதலில் வாக்கு. சரித்திர நாவலில் கற்பனை கலப்பதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ‘பொன்னியின் செல்வ’னில் வரும் ரவிதாசன் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறான், நந்தினி கல்கியின் கற்பனை. அதற்காக யாரும் கல்கியோடு வழக்காடப் போகவில்லை. ஆனால் 2003-இல் வந்த டான் பிரவுனின் ‘தி டா வின்சி கோட்’ எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, அதே அளவுக்குத் திட்டும் வாங்கியது. காரணம் கதை தொடங்குவதற்கு முன் வரும் ஒரே ஒரு பக்கம். ‘உண்மை’ என்று தலைப்பிட்ட அந்தப் பக்கத்தில், 1099-இல் தொடங்கிய ‘பிரயரி ஆஃப் சயான்’ என்ற ரகசியச் சங்கம் நிஜமானது என்றும், நாவலில் வரும் கலைப்படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள் பற்றிய வர்ணனைகள் துல்லியமானவை என்றும் ஆசிரியரே உத்தரவாதம் தருகிறார்.

அந்தச் சங்கத்தின் நிஜக் கதை இது. 1956-இல் பியர் பிளான்டார் என்பவரும் கூட்டாளிகளும் பிரான்சில் சாதாரணமாகப் பதிவு செய்த ஓர் அமைப்பு அது. அதற்குப் பழைமை சேர்க்க, லியனார்டோ டா வின்சியும் நியூட்டனும் தங்கள் தலைவர்களாக இருந்தார்கள் என்ற பட்டியலோடு போலித் தாள்களைத் தயாரித்து 1960-களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்த்துவிட்டார்கள். நூலகத்தில் இருக்கிறது என்பதே பிற்பாடு அந்தத் தாள்களுக்குச் சாட்சியாகிவிட்டது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடிகள் என்று நாவல் சொல்வதும் அதே தரம்தான்; அருங்காட்சியகத்தின் கணக்கு 673. பாரிஸின் சேன் சுல்பீஸ் தேவாலயத் தரையில் ஓடும் பித்தளைக் கோட்டை நாவல் கிறிஸ்தவத்துக்கு முந்திய பழைய பேகன் கோயிலோடு முடிச்சுப் போட்டது. உண்மையில் அது 18-ஆம் நூற்றாண்டில், சூரியக் கதிரை வைத்து சம இரவு நாளையும் ஈஸ்டர் தேதியையும் கணிக்க அமைத்த வானியல் கருவியின் பகுதி. கையில் புத்தகத்தோடு வந்து குவிந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், சமீபத்திய நாவல் ஒன்றின் கற்பனைகள் உண்மையல்ல என்று தேவாலயமே அறிவிப்பு எழுதி மாட்டியது. ஒரு கட்டடம் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிய சம்பவம் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியாது.

ஆக, அந்த ஒரு பக்கத்தைக் கதையின் அலங்காரமாக எடுத்துக்கொண்டவருக்கு நாவல் ஜாலியான ஓட்டம். வாக்குமூலமாக எடுத்துக்கொண்டவருக்கு அது மோசடி. இரண்டு பேரும் படித்த வரிகள் ஒன்றுதான். பின்னால் வந்த பல நாவலாசிரியர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் இவ்வகை நாவல்களில் கடைசியில் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று ஒன்று வருகிறது: இது ஆவணத்தில் உள்ளது, இது நான் இட்டுக்கட்டியது, இந்தத் தேதியைக் கதைக்காக நகர்த்தினேன் என்று. அதைப் படித்த பிறகு நாவல் மீது மரியாதை கூடிற்று என்று வாசகர்கள் சொல்வதை அடிக்கடி பார்க்கலாம். அதே கற்பனைதான், ஆனால் கணக்கு காட்டியாயிற்று.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1982-இல் வெளியான ஒரு ‘ஆராய்ச்சி’ நூலின் ஆசிரியர்களில் இருவர், எங்கள் கருத்தை டான் பிரவுன் திருடிவிட்டார் என்று லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 ஏப்ரலில் தோற்றார்கள். இவர்கள் தங்கள் நூலை வரலாறு என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள்; வரலாறு யாருக்கும் சொந்தமில்லையே! அதைவிட வேடிக்கை, தீர்ப்பு எழுதிய நீதிபதி பீட்டர் ஸ்மித் தீர்ப்பின் எழுத்துகளில் சிலவற்றைச் சாய்வெழுத்தாக்கி அதற்குள் தானே ஒரு சங்கேதச் செய்தியை ஒளித்துவைத்தார். சில வாரங்களுக்குப் பிறகுதான் அது உடைக்கப்பட்டது. இவ்வகை நாவலுக்கு வந்த வாசக எதிர்வினைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இனி ஓவியத்துக்கு வருவோம். என் பார்வையில் முக்கியமான பகுதி இதுதான்.

மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியனார்டோ ஏறக்குறைய 1495-க்கும் 1498-க்கும் இடையில் வரைந்த ‘இறுதி விருந்து’ ஏறத்தாழ 4.6 மீட்டர் உயரம், 8.8 மீட்டர் அகலம். இயேசுவின் பக்கத்தில் பெண்மை சாயலோடு இருப்பவர் யோவான் அல்ல, மகதலா மரியாள். நடுவில் கத்தியோடு தெரியும் கை யாருடையதென்றே தெரியாது. மேசையில் திருக்கிண்ணம் இல்லை. டான் பிரவுனின் நாவல் அடுக்கும் மூன்று ‘துப்பு’ இவை. படிக்கிற வேகத்தில் புல்லரிக்கும். எனக்கும் புல்லரித்தது, மறைப்பானேன்.

நிதானமாகப் பார்த்தால் மூன்றுக்கும் விடை படத்திலேயே இருக்கிறது. யோவானை மீசை முளைக்காத, நீண்ட முடியுள்ள இளைஞனாக வரைவது அன்றைய பிளாரன்ஸ் ஓவியர்களின் வழக்கம். கிர்லாந்தாயோவின் இறுதி விருந்துகளிலும் யோவான் அப்படித்தான். கத்தி பேதுருவின் கையில் இருக்கிறது. மணிக்கட்டை இடுப்பின் பின்பக்கமாக மடக்கிப் பிடித்திருக்கிறார். அந்தக் கைக்காக லியனார்டோ தனியே போட்டுப் பார்த்த கோட்டோவியமும் மிஞ்சியிருக்கிறது. பைபிள் கதைப்படி சற்று நேரத்தில் தோட்டத்தில் ஒருவன் காதை வெட்டப்போகிறவர் அவர்தான். கிண்ணம் இல்லாததற்குக் காரணம், ஓவியர் தேர்ந்துகொண்ட கணம் வேறு: “உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்” என்று இயேசு சொன்ன மறு நொடி. பன்னிரண்டு பேரும் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, அந்தச் சொல் அலைபோல இரண்டு பக்கமும் பரவுவதைத்தான் அவர் வரைந்தார். யூதாஸ் மட்டும் பணப்பையை இறுக்கிக்கொண்டு பின்வாங்குகிறான். அவன் முழங்கை உப்புக் கிண்ணத்தைத் தட்டிவிடுகிறது. மூலத்தில் அந்த உப்பு இன்று சரியாகத் தெரிவதில்லை. 1520 வாக்கில் லியனார்டோவின் சீடர்கள் எடுத்த பிரதியில் தெளிவாக இருக்கிறது.

ஏன் தெரிவதில்லை என்பதே தனி த்ரில்லர். ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் அது காய்வதற்குள் வேகமாக முடித்தாக வேண்டும். அடித்துத் திருத்த முடியாது. லியனார்டோவுக்கு அந்த அவசரம் ஒத்துவராது. உலர்ந்த சுவரில், பலகைக்குப் பூசுவது போலப் பூசினார். அவர் உயிரோடிருந்தபோதே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652-இல் மடத்துக்காரர்கள் அந்தச் சுவரில் கதவு வைத்தபோது இயேசுவின் பாதங்கள் போயின. 1943-இல் குண்டு விழுந்து கூடத்தின் கூரை இடிந்தது. மணல் மூட்டை அடுக்கிக் காத்திருந்த ஓவியச் சுவர் நின்றது. 1978-இல் தொடங்கிய கடைசிப் பெரும் சீரமைப்பு 1999-இல்தான் முடிந்தது. இதையெல்லாம் தெரிந்த வாசகர், ‘அந்த முகத்தின் ஒவ்வொரு சாயலிலும் சங்கேதம்’ என்று நாவலில் படிக்கும்போது பல்லைக் கடிப்பார். அந்தச் சாயலில் எவ்வளவு லியனார்டோ, எவ்வளவு பிற்காலத்தவர் கை என்பதே பெரிய கேள்வி.

இங்கேதான் வாசகர்கள் பிரிகிறார்கள். ஓவியத்தைப் பூட்டிய பெட்டியாகப் பார்க்கும் நாவலுக்குத் தேவை ஒரு சாவி மட்டுமே. திறந்ததும் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த நகரத்துக்கு ஓடலாம். வேகம் கிடைக்கிறது, 105 அத்தியாயம் பக்கம் பறக்கிறது. விமானத்தில், ரயிலில், காய்ச்சலில் படுத்திருக்கும்போது படிக்க அதைவிடச் சுகமில்லை, அந்தச் சுகத்தைக் கேவலமாக நினைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தன் கண்முன் ஒரு பெரிய படைப்பைக் குறுக்கெழுத்துப் புதிராகச் சுருக்கிவிட்டார்களே என்ற வலி வருகிறது. ‘ஆசிரியருக்கு ஓவியமே பிடிக்காது போல’ என்று ஒரு வாசகர் எழுதினால் அது வயிற்றெரிச்சல் அல்ல, கூர்மையான விமரிசனம்.

இன்னொரு ரகக் கோபம் வேலை தெரிந்தவர்களிடமிருந்து வரும். நாயகி லூவரில் லியனார்டோவின் ‘பாறைகளின் கன்னி’யைச் சுவரிலிருந்து கழற்றி, காவலரை மிரட்ட அதையே கேடயமாகப் பிடிக்கிறாள். நிஜத்தில் அது மரச்சட்டகம் இல்லாமலே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். ஒரு விளக்கை அடித்ததும் முந்நூறு வருட ரகசியம் பளிச்சென்று தெரிவதும் இதே கதைதான். நிஜத்தில் அகச்சிவப்புக் கதிரில் தெரிவது அடியில் கரியால் போட்ட கோட்டோவியம். எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரிவது ஈயவெள்ளை பூசிய இடம். நிறமிக்கும் வயது சொல்லத் தெரியும்: பிரஷ்யன் நீலம் 1700-களின் தொடக்கத்தில் வந்தது, ஆகவே 1600-இல் வரைந்ததாகச் சொல்லும் படத்தின் அடியடுக்கில் அது இருந்தால் கதை முடிந்தது. மெதுவான வேலை, ஆனால் சுவாரசியம் குறைந்ததில்லை. டச்சு ஓவியர் வான் மீகெரென் 1930-களில், 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீர் பெயரில் போலி வரைந்தபோது அவருக்கு இருந்த பெரிய தலைவலி, எண்ணெய் வண்ணம் முழுதாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது. பேக்கலைட் பிசினைக் கலந்து அடுப்பில் சுட்டார். அன்றைய பெரிய நிபுணர் பிரெடியுஸ் 1937-இல் அதை அசல் என்று கொண்டாடினார். வெர்மீர் இப்படியொரு மதச்சார்பு ஓவியம் வரைந்திருப்பார் என்ற எதிர்பார்ப்பு நிபுணர்களிடம் ஏற்கெனவே இருந்தது. போலி அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சங்கேதத்தை நம்பும் வாசகரை நிபுணர்கள் கேலி செய்யும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

படத்தை நிஜமாகவே பார்க்கும் மர்ம நாவலும் உண்டு. ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ (தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்த்தது) 1591-இன் இஸ்தான்புல் நுண்ணோவியர்களிடையே நடக்கும் கொலை பற்றியது. தனக்கென்று பாணி இருப்பதே குறை என்று நினைக்கும் கலைஞர்கள் நடுவே, கொலையாளியைக் கண்டுபிடிக்க அவன் வரைந்த குதிரையின் மூக்குத் துவாரம்தான் துப்பு. இந்த நாவலைப் பற்றிய புகார் எப்போதும் ஒன்றே: மெதுவாகப் போகிறது. ஆமாம், போகிறது. ஓவியனின் கை எப்படித் தன்னை அறியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதை நாமும் பார்க்கப் பழக வேண்டுமானால் அந்த மெதுவு வேண்டும். உம்பர்த்தோ எக்கோவிடம் ஒரு மடத்துக்குள் நடக்கும் அவருடைய 1980 மர்ம நாவல் ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’-இன் முதல் நூறு பக்கங்களைச் சுருக்கச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். மடத்துக்குள் வர விரும்புகிறவர் அதன் மூச்சுக்குப் பழக வேண்டும் என்பது அவர் வாதம். ‘முதல் நூறு பக்கம் தாண்டவே முடியவில்லை’ என்ற வாசகக் கருத்தைப் பார்த்தால் நான் அந்தப் புத்தகத்தை வாங்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற புகார்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பாத்திரங்கள் அட்டை என்பது பெரும்பாலும் சரி, வகையின் குணம் அது. நடுநடுவே பேராசிரியர் பாடம் எடுக்கிறார் என்பதும் சரி. ஆனால் அதே பாடத்துக்காகவே படிக்கிறவர்களும் ஏராளம். பழைய காலமும் இன்றைய காலமும் மாறிமாறி வரும் நாவல்களில் ‘பழைய பகுதி அருமை, இன்றைய பகுதி இழுவை’ என்ற குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பழைய பகுதியில் ஓவியம் உருவாகிறது, பணமும் பயமும் பசியும் நேரடியாக இருக்கின்றன. இன்றைய பகுதியில் யாரோ ஒருவர் ஆவணக் காப்பகத்தில் தாள் புரட்டுகிறார். இரண்டாமவருக்கும் இழக்க ஏதாவது இருந்தால்தான் தராசு சமமாகும், அது அபூர்வம்.

முடிவு பற்றிய புகார் மட்டும் வேறு ஜாதி. ‘கடைசியில் சப்பென்று போய்விட்டது’ என்று கிட்டத்தட்ட எல்லா ஓவிய மர்ம நாவலுக்கும் யாராவது எழுதியிருப்பார்கள். இதில் எழுத்தாளரைக் குறை சொல்லிப் பயனில்லை, கட்டமைப்பே அப்படி. கதை நிஜ உலகில் நடக்கிறது. அப்படியொரு ரகசியம் வெளியாகி உலகம் தலைகீழானதாக எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை என்று வாசகருக்குத் தெரியும். ஆகவே கண்டுபிடித்த பொருள் எரிய வேண்டும், மூழ்க வேண்டும், அல்லது தெரிந்தவர்கள் பெருந்தன்மையோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நானூறு பக்கம் ஊதிய பலூனுக்கு இதில் எந்த வழியும் போதாது. நிஜ மர்மங்கள் தப்பிப்பதே முடியாமல் கிடப்பதால்தான். 1934 ஏப்ரலில் பெல்ஜியத்தின் கென்ட் பேராலயத்தில், வான் ஐக் சகோதரர்களின் பீட ஓவியத்திலிருந்து ‘நீதிமான்கள்’ என்ற பலகை திருடுபோனது. பத்து லட்சம் பெல்ஜிய பிராங்க் கேட்டுக் கடிதங்கள் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் ஆர்சேன் கூடெர்தியே என்ற பங்குத் தரகர், அது எங்கே இருக்கிறது என்று தனக்கு மட்டும் தெரியும் என்று மரணப் படுக்கையில் சொல்லிவிட்டு, இடத்தைச் சொல்லாமலே இறந்தார். இன்றுவரை கிடைக்கவில்லை, பிரதிதான் அங்கே நிற்கிறது. நாவலாசிரியர் ஒருவர் இப்படி முடித்திருந்தால் வாசகர்கள் சும்மா விட்டிருப்பார்களா?

ஓவியத்தில் சங்கேதமே இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. பிளாரன்ஸின் பழைய அரண்மனையில், ஐந்நூற்றுவர் மண்டபத்தில், 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் வசாரி வரைந்த போர்க் காட்சியில் ஒரு பச்சைக் கொடியின் மேல் பொடி எழுத்தில் ‘தேடு, கண்டடைவாய்’ என்ற பொருளில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. லியனார்டோ தொடங்கி முடிக்காமல் விட்ட ‘அங்கியாரிப் போர்’ ஓவியம் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பதற்கான குறி அது என்று பொறியாளர் மௌரிட்சியோ செராச்சினி பல ஆண்டுகள் தேடினார். வசாரியின் ஓவியத்திலேயே துளை போட்டுப் பார்க்கும் அளவுக்குப் போய், கலை வரலாற்றாளர்களின் எதிர்ப்புக்கு இடையே 2012-இல் வேலை நின்றது. லியனார்டோ அந்தச் சுவரில் வண்ணமே பூசவில்லை என்று 2020-இல் ஒரு குழு வாதிட்டது. கொடிக்கு வேறொரு விளக்கமும் உண்டு. பிளாரன்ஸை ஆண்ட மெதிசி குடும்பத்தை எதிர்த்து நாடு கடந்த பிளாரன்ஸ்காரர்கள், விடுதலையைத் தேடுவது பற்றிய கவிஞர் தாந்தேயின் வரியைத் தங்கள் பச்சைக் கொடியில் பொறித்துக்கொண்டு போருக்கு வந்தார்கள், தோற்றார்கள், பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மெதிசியின் சம்பளக்காரரான வசாரி எழுதியது அவர்களுக்கான ஏளனம்: தேடினாய் அல்லவா, இதோ கிடைத்தது. புதையல் குறியைவிட இது எனக்குக் கொடூரமாகவும், அதனாலேயே நல்ல நாவலுக்கான கருவாகவும் தோன்றுகிறது.

எதை நம்புவது என்ற கேள்விக்கு என்னுடைய முறை எளிது. நாவலில் வரும் இடமும் ஓவியமும் பெரும்பாலும் இருக்கும். தேதிகள் பாதி சரியாக இருக்கும். ‘பல நூற்றாண்டுகளாக மறைக்கப்பட்ட’ என்று தொடங்கும் எதையும் நம்பாதீர்கள். படித்து முடித்ததும் சம்பந்தப்பட்ட ஓவியத்தை நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள்; கென்ட் பீட ஓவியம் 2012 முதல் பத்தாயிரம் கோடி பிக்சலில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாகப் பார்க்கலாம். மற்ற வாசகர்களின் கருத்தைப் படிக்கும்போது எத்தனை நட்சத்திரம் என்பதை விட்டுவிட்டு, அந்த நபர் ஓவியத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால், அவர் புகழ்ந்தாலும் திட்டினாலும் உங்களுக்குப் பயன்படும்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜோசஃபின் டே 1951-இல் எழுதிய ‘தி டாட்டர் ஆஃப் டைம்’. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. காலொடிந்து மருத்துவமனையில் கிடக்கும் காவல் ஆய்வாளர் ஒருவர், இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் உருவப்படத்தைப் பார்த்து, இந்த முகமா அண்ணன் பிள்ளைகளைக் கொன்றது என்று படுக்கையிலிருந்தே விசாரிக்கத் தொடங்குகிறார். 1990-இல் பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் எல்லாக் காலத்துக்குமான நூறு நாவல்களில் இதற்கு முதலிடம் கொடுத்தது. முகத்தை வைத்துக் குணத்தை எடைபோடுவது என்ன நியாயம் என்றும், ஒரு பக்க ஆதாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்றும் வரலாற்றாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள், சரியாகவே. பிற்பாடு, அரச சேகரிப்பில் உள்ள ரிச்சர்டின் படத்தை எக்ஸ்-ரே எடுத்தபோது ஒரு தோளை யாரோ உயர்த்தி, கூனன் போலத் தெரியும்படி திருத்தியிருந்தது தெரிந்தது. டே சொன்னது சரிதான், அவதூறு என்று ரசிகர்கள் குதித்தார்கள். 2012-இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. சூம்பிய கை இல்லை, கூன் இல்லை. ஆனால் முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாகவே வளைந்திருந்தது.